குத்தின் வலிமை பிறக்கும் இடம்



குத்துச்சண்டை வீரர் ஒருவரின் படத்தைப் பார்த்தால் நம் கண் முதலில் அவருடைய கைகளின் மீதுதான் போய் நிற்கும். புடைத்த புயங்களையும் இறுக மூடிய முட்டியையும் கண்டு, "இந்தக் கையில்தான் எத்தனை வலிமை!" என்று வியப்போம். பள்ளிப் பிள்ளைகளும் அப்படியே எண்ணுகிறார்கள். கையைப் பருமனாக்கினால் குத்தும் பலமாகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் ஏறத்தாழ 300 ஆண்டுக் காலக் குத்துச்சண்டை வரலாறு வேறொரு கணக்கைச் சொல்லுகிறது. பழைய காலத்துப் பயிற்சியாளர்கள் குத்தின் வலிமையை எங்கே தேடினார்கள், எப்படி வளர்த்தார்கள், அதற்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதை இன்று பார்ப்போம்.

முறையான குத்துச்சண்டை 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருப்பெற்றது. அதற்கு முதன்முதலாக விதிகளை எழுதி வைத்தவர் ஜாக் பிராட்டன் என்பவர். ஆண்டு 1743. இவர் பிரபுவுமல்லர், படைத்தளபதியுமல்லர். தேம்ஸ் நதியில் துடுப்புப் போட்டுப் பிழைத்த படகோட்டி. நாள் முழுவதும் துடுப்பு வலிப்பவன் கால்களைப் பலகையில் ஊன்றி, முதுகையும் இடுப்பையும் கொண்டுதான் வலிக்கிறான். கையை மட்டும் நம்பினால் அரை மணி நேரத்தில் ஓய்ந்து போவான்.

பிராட்டனுக்குப் பின்வந்த வெற்றியாளர்களில் பெரும்புகழ் பெற்றவர் டாம் கிரிப். இவர் இலண்டன் துறைமுகத்தில் நிலக்கரி மூட்டை சுமந்தவர். 1810 டிசம்பரில், அமெரிக்காவிலிருந்து வந்த டாம் மாலினோ என்ற கறுப்பின வீரரிடம் கிரிப் ஏறக்குறையத் தோற்கும் நிலைக்குப் போய், அரும்பாடுபட்டு வென்றார். மறு ஆண்டு மீண்டும் மோதல் என்று முடிவாயிற்று. அப்போது கேப்டன் பார்க்ளே என்பவர் கிரிப்பைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். இந்தப் பார்க்ளே 1809-ஆம் ஆண்டில், மணிக்கு ஒரு மைலாக இடைவிடாமல் 1,000 மணி நேரத்தில் 1,000 மைல் நடந்து காட்டிய மனிதர்.

பார்க்ளே கிரிப்பை ஸ்காட்லாந்திலிருந்த தம் பண்ணைக்கு அழைத்துச் சென்றார். கைக்கென்று தனியாக அங்கே பயிற்சி எதுவும் முதலில் இல்லை. நடை, மேலும் நடை! குன்றுகளின் மீது ஏறி இறங்கி நாள்தோறும் 20 மைல் வரை நடக்க வைத்தார். இடையிடையே குறுந்தூரம் விரைந்து ஓடச் செய்தார். ஏறக்குறைய 224 இராத்தல் எடையிருந்த கிரிப், சில வாரங்களில் 190 இராத்தலுக்கும் கீழே இறங்கினார். 1811 செப்டம்பர் 28-ஆம் நாள் நடந்த சண்டையில் மாலினோவின் தாடை எலும்பு முறிந்தது. 11 சுற்றுகளில் எல்லாம் முடிந்துவிட்டது. எடை குறைந்தது, குத்தின் பலம் குறையவில்லை. கால்களைப் பண்படுத்தியதன் பலன் கையில் தெரிந்தது.

அடுத்து அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே 1880-களில் கொடிகட்டிப் பறந்தவர் ஜான் எல். சல்லிவன். அயர்லாந்திலிருந்து குடியேறிய ஒரு கூலித் தொழிலாளியின் மகன். புகழும் பணமும் வந்தன. அவற்றோடு குடியும் வந்தது. உடல் பெருத்து, நோயுற்று, படுக்கையில் கிடந்து எழுந்தவர், 1889-ஆம் ஆண்டில் ஜேக் கில்ரெய்ன் என்பவரோடு மோதவேண்டியிருந்தது. மல்யுத்த வீரரான வில்லியம் மல்டூன், சல்லிவனைத் தேற்றும் பொறுப்பை ஏற்றார். நியூயார்க் மாநிலத்தில், பெல்ஃபாஸ்ட் என்ற சிற்றூரில் இருந்த தம் பண்ணையில் அவரைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். உலகப் புகழ்பெற்ற வீரர் அங்கே ஏர் உழுதார், விறகு பிளந்தார், நெடுந்தூரம் நடந்தார், கயிறு தாண்டினார். கனமான தோல் பந்தை மார்போடு வாங்கி மார்போடு எறிந்தார். சாராயம் அறவே கூடாது என்பது மல்டூனின் கட்டளை.

1889 ஜூலை 8-ஆம் நாள், மிசிசிப்பி மாநிலத்தின் கொடும் வெயிலில், கையுறையின்றி அந்தச் சண்டை நடந்தது. 75 சுற்றுகள், 2 மணி 16 நிமிடங்கள். இறுதியில் கில்ரெய்னின் ஆட்கள் தோல்வியை ஒப்புக்கொண்டார்கள். கனவகை உலகப் பட்டத்துக்காக வெறுங்கையால் நடந்த கடைசிச் சண்டை அதுதான். ஒரு குடிகாரரைத் திரும்பவும் வீரராக்கியது பண்ணை வேலை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் உடல் உழைப்பு ஒன்றே போதுமா என்று கேட்பீர்கள். போதாது என்று வரலாறே பதில் கூறுகிறது. 1892-இல் சல்லிவனைத் தோற்கடித்த ஜேம்ஸ் கார்பெட், வங்கியில் எழுத்தராக இருந்தவர். மூட்டை சுமந்தவரல்லர். அவர் குத்துச்சண்டையை ஒரு பாடமாகப் படித்தவர். கால்களை எங்கே வைப்பது, எப்போது விலகுவது என்பதை நன்கறிந்தவர். 21-ஆம் சுற்றில் சல்லிவன் விழுந்தார். உழைப்பைக் கல்வி வென்றது.

கல்வியும் உழைப்பும் ஒரே உடலில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது ஐந்து ஆண்டுகளில் தெரிந்தது. பாப் ஃபிட்சிம்மன்ஸ் என்பவர் இங்கிலாந்தில் பிறந்து, சிறு வயதில் பெற்றோருடன் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர். அங்கே டிமாரு என்ற ஊரில் கொல்லுப்பட்டறையில் சம்மட்டி அடித்து வளர்ந்தார். மெலிந்த கால்கள், அகன்ற தோள்கள். பார்ப்பதற்கு வேடிக்கையான உருவம். எடை ஏறக்குறைய 167 இராத்தல்தான். 1897 மார்ச் 17-ஆம் நாள் கார்பெட்டை எதிர்த்து நின்றார். 14-ஆம் சுற்றில், வலக்காலை முன்னே எடுத்து வைத்து, நின்ற நிலையை ஒரு நொடியில் மாற்றி, இடக்கையால் கார்பெட்டின் நெஞ்சுக்குழியில் ஒரு குத்து விட்டார். கார்பெட் மூச்சு வாங்க முடியாமல் முழந்தாளிட்டார். பட்டம் கைமாறியது. அந்தக் குத்து தொடங்கிய இடம் எது? முன்னே வைத்த காலடி.

இப்போது பழைய பயிற்சி முறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, கோடாரி. பழைய பயிற்சிக் கூடங்களில் மரம் வெட்டுவதும் விறகு பிளப்பதும் நாள்தோறும் நடக்கும் வேலைகள். கோடாரியை ஓங்கும்போது உடலின் எடை பின்காலில் இருக்கிறது. இறக்கும்போது அது முன்காலுக்கு மாறுகிறது. இடுப்பு திரும்புகிறது, தோள் பின்தொடர்கிறது, கை கடைசியில் வருகிறது. மரத்தைத் தொடும் கணத்தில் மட்டும் பிடி இறுகுகிறது. நல்ல குத்துக்கும் இதே வரிசைதான். தொடக்கம் முதலே கையை முறுக்கிக்கொண்டு குத்துபவனுடைய குத்து வேகம் குன்றி, வெறும் தள்ளலாகப் போய்விடும்.

இரண்டாவது, தொங்கும் மூட்டை. தோலாலோ கித்தானாலோ தைத்து, கந்தலும் மரத்தூளும் மணலும் அடைத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். கையால் மட்டும் குத்தினால் மூட்டை அசைந்து கொடுத்துவிட்டுத் திரும்ப வந்து ஆளையே தள்ளும், மணிக்கட்டும் மடங்கும். காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பிக் குத்தினால் மூட்டை நின்ற இடத்திலேயே 'தொப்'பென்று அதிர்ந்து மடியும். ஆசிரியர் பக்கத்தில் இல்லாத நேரத்திலும் மூட்டை பிழையைக் காட்டிக் கொடுத்துவிடும்.

மூன்றாவது, கனத்த பந்து. இதை இருவர் மாறி மாறி எறிந்து பிடிப்பார்கள். படுத்திருப்பவரின் வயிற்றில் போட்டும் பழக்குவார்கள். இடுப்பும் வயிறும் உறுதிப்பட்டால்தான் காலில் பிறந்த விசை வழியில் சிந்தாமல் தோளுக்குப் போய்ச் சேரும். குடத்தில் ஓட்டை இருந்தால் கிணறு நிறைய நீர் இருந்தும் பயன் என்ன?

நான்காவது, விடியற்கால ஓட்டமும் கயிறு தாண்டுதலும். கனத்த காலணி அணிந்து மேட்டிலும் பள்ளத்திலும் ஓடுவார்கள். களைத்த காலில் குத்து பிறக்காது. பத்தாம் சுற்றில் முதல் சுற்றின் பலத்தோடு குத்த வேண்டுமானால் கால் ஓயக்கூடாது.

நேயர்களே, நம்மில் செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றுவோர் இருக்கிறீர்கள். கூர்க்கம்பியால் குலையைக் குத்தி மேலே வீசும்போது உங்கள் கை மட்டுமா வேலை செய்கிறது? முழங்கால் மடங்கி நிமிர்கிறது, இடுப்பு திரும்புகிறது, பிறகுதான் குலை பறக்கிறது. கையால் மட்டும் வீசும் புதிய ஆள் பொழுது சாய்வதற்குள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். சேற்றில் சிக்கிய லாரியைத் தள்ளும்போதும் நாம் காலைத்தான் தரையில் உதைத்து ஊன்றுகிறோம். தரையை எவ்வளவு பலமாக உதைக்கிறோமோ அவ்வளவு பலம் நம் உடல் வழியாக முன்னே செல்கிறது. குத்தின் இரகசியமும் இதைவிடப் பெரிதன்று.

இதைத் தெளிவாக எழுதி வைத்தவர் ஜாக் டெம்சி. 1895-இல் கொலராடோ மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சுரங்கங்களில் வேலை செய்தவர். தாடை உறுதிப்படுவதற்காகப் பைன் மரத்துப் பிசினை மென்றார். தோல் தடிப்பதற்காக முகத்தையும் கைகளையும் உப்பு நீரில் ஊறவைத்தார். 1919 ஜூலை 4-ஆம் நாள், தம்மைவிட ஏறத்தாழ 58 இராத்தல் எடை கூடிய ஜெஸ் வில்லர்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை கீழே வீழ்த்தினார். மூன்றாம் சுற்றுக்குப் பிறகு வில்லர்டு எழுந்து வரவில்லை.

டெம்சி 1950-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் குத்தின் இரகசியத்தைப் பாமரரும் அறியும்படி விளக்கினார். குத்தின் வலிமை என்பது அசையும் உடல் எடை என்பதே அவர் கருத்து. முன்காலைத் தூக்கி, உடல் முன்னே சாய்ந்து விழுவது போல் ஓர் அடி வைக்க வேண்டும். அந்த விழும் எடை தரையில் படுமுன் முட்டியின் வழியாக எதிரியைச் சேர வேண்டும். கையின் வேலை, அந்த எடையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் குழாயாக இருப்பது மட்டுமே.

அடுத்த தலைமுறையில் ஜோ லூயிஸ் வந்தார். 1914-இல் அலபாமாவில் பிறந்த கறுப்பினச் சிறுவர். குடும்பம் டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. பனிக்கட்டி வண்டியில் வேலை செய்து, கனத்த பனிக்கட்டிகளை மாடிப்படிகளில் சுமந்து ஏறினார். வயலின் கற்றுக்கொள்ளத் தாய் கொடுத்த காசைக் குத்துச்சண்டைக் கூடத்துக்குச் செலவழித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ஜாக் பிளாக்பர்ன் என்ற பழைய வீரர். இவர் லூயிசுக்குக் கற்பித்தது சமநிலை. காலடி தவறாமல் நில், குறுகிய தூரத்திலிருந்து குத்து என்பதே பாடம். 1936-இல் ஜெர்மானியரான மாக்ஸ் ஷ்மெலிங்கிடம் தோற்ற லூயிஸ், 1938 ஜூன் 22-ஆம் நாள் அதே ஷ்மெலிங்கை 124 விநாடிகளில் வீழ்த்தினார். ஹிட்லரின் இனவெறி உலகை அச்சுறுத்திய நாளில் கறுப்பினத் தொழிலாளியின் மகன் பெற்ற அந்த வெற்றிக்கு விளையாட்டையும் கடந்த பொருள் இருந்தது.

பின்னர் வந்த ராக்கி மார்சியானோவின் தந்தை, இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். காலணித் தொழிற்சாலையில் உழைத்துத் தேய்ந்தவர். அந்தத் தொழிற்சாலைக்குள் தாம் அடங்கிவிடக்கூடாது என்ற உறுதி மகனுக்கு இருந்தது. ஆனால் குத்துச்சண்டைக்கு ஏற்ற உடல் என்று யாரும் அவரைச் சொல்லவில்லை. குட்டையான கைகள், விகாரமான காலடி. பயிற்சியாளர் சார்லி கோல்ட்மன் அந்தக் குறைகளைத் திருத்த முயன்று பிள்ளையைக் கெடுக்கவில்லை. முழங்காலை நன்றாக மடக்கி, குனிந்து, கீழிருந்து மேலே குத்தக் கற்றுக்கொடுத்தார். மார்சியானோ நாள்தோறும் பல மைல்கள் ஓடினார். நீச்சல் குளத்தில் இறங்கி நீருக்குள் கைவீசிப் பழகினார். வழக்கத்தைவிட மிகக் கனமான மூட்டையைக் குத்தினார். 1952 செப்டம்பர் 23-ஆம் நாள், புள்ளிக்கணக்கில் பின்தங்கியிருந்த நிலையில், 13-ஆம் சுற்றில் ஒரு குறுகிய வலக்கைக் குத்தால் ஜெர்சி ஜோ வால்காட்டை வீழ்த்தி உலக வெற்றியாளரானார். 49 சண்டைகளில் 49 வெற்றி, அவற்றில் 43 எதிரியை வீழ்த்திப் பெற்றவை. தோல்வியே அறியாமல் ஓய்வு பெற்றார்.

இந்த முறைகளின் பலன் நெடுநாள் நிற்பது என்பதற்கு ஜார்ஜ் ஃபோர்மன் சான்று. விறகு வெட்டியும், ஜீப் வண்டியைக் கயிற்றால் கட்டி இழுத்தும் உடலை வளர்த்தவர் அவர். 1974-இல் முகம்மது அலியிடம் பட்டத்தை இழந்தார். 20 ஆண்டுகள் கழித்து, 1994 நவம்பர் 5-ஆம் நாள், தம் 45-ஆம் வயதில், தம்மைவிட மிக இளைய மைக்கேல் மூரரை ஒரே வலக்கைக் குத்தால் சாய்த்து மீண்டும் பட்டம் பெற்றார். வேகம் போயிருந்தது, வலிமை போகவில்லை.

பழையவை அனைத்தும் நல்லவை என்று எண்ணிவிடக்கூடாது. பார்க்ளேயின் காலத்தில் பேதி மருந்து கொடுத்தார்கள். போர்வையால் மூடி வியர்க்க வைத்தார்கள். தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். இவை உடலுக்குத் தீங்கு என்பதை இன்று அறிவோம். எடை தூக்கினால் தசை இறுகி வேகம் குறைந்துவிடும் என்று பல தலைமுறைகளாக அஞ்சினார்கள். முறையாக எடை தூக்கிப் பயின்ற இவாண்டர் ஹோலிஃபீல்டு 1990-இல் கனவகைப் பட்டத்தை வென்றபோது அந்த அச்சமும் வலுவிழந்தது.

ஆனால் அடிப்படைக் கருத்தில் பழையவர்கள் தவறவில்லை. 1985-ஆம் ஆண்டில் சோவியத் நாட்டு ஆய்வாளர்கள் 120 குத்துச்சண்டை வீரர்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தேர்ந்த வீரரின் குத்தில் கை நீட்டலின் பங்கு ஏறத்தாழ 24 விழுக்காடு. உடல் திரும்புவதன் பங்கு 37 விழுக்காடு. பின்கால் தரையை உதைப்பதன் பங்கு 38 விழுக்காடு. தொடக்கநிலை வீரர்களிடமோ காலின் பங்கு 17 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. கையின் பங்கு 38 விழுக்காடாக இருந்தது. அறியாதவன் கையால் குத்துகிறான், அறிந்தவன் காலால் குத்துகிறான் என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். கோடாரி பிடித்தவர்கள் உணர்ந்திருந்ததைக் கருவிகள் எண்ணாக்கித் தந்தன.

இனி, பெற்றோர்கள் கேட்கவேண்டிய பகுதிக்கு வருகிறேன். இத்தனை வலிமையும் போய் விழுவது மற்றொரு மனிதனின் தலையில் அல்லவா? 1867-இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள் கையுறையைக் கட்டாயமாக்கின. கையுறை குத்துபவரின் கை எலும்பைக் காத்தது. ஆகவே தலையில் குத்துவது எளிதாயிற்று. தலைக்குள் மூளை அதிர்வதை அது தடுக்கவில்லை. 1928-ஆம் ஆண்டில் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், பல ஆண்டுகள் தலையில் அடி வாங்கிய வீரர்கள் குடிகாரரைப் போலத் தள்ளாடுவதையும் நினைவு மங்குவதையும் மருத்துவ இதழில் எழுதினார். 1982 நவம்பரில் கொரிய வீரர் கிம் டுக் கூ 14-ஆம் சுற்றில் விழுந்து, சில நாட்களில் உயிரிழந்தார். அதன் பிறகே பட்டப் போட்டிகள் 15 சுற்றுகளிலிருந்து 12 சுற்றுகளாகக் குறைக்கப்படலாயின. முகம்மது அலிக்கு நடுக்குவாத நோய் இருப்பது 1984-இல் கண்டறியப்பட்டது. ஜோ லூயிசோ, அத்தனை பணம் ஈட்டியும் வரிக் கடனில் மூழ்கி, கடைசிக் காலத்தில் ஒரு சூதாட்ட விடுதியில் விருந்தினரை வரவேற்கும் வேலை பார்த்தார்.

படகோட்டி, கரி சுமந்தவர், கொல்லர், சுரங்கத் தொழிலாளி, பனிக்கட்டி சுமந்தவர் என்று இந்தப் பட்டியல் முழுவதும் உழைப்பாளிகளாகவே இருப்பது தற்செயலன்று. உழைப்பு அவர்களுக்கு வலிமையைக் கொடுத்தது. வறுமை வேறு கதவுகளை அடைத்தது. திறந்திருந்த ஒரு கதவு வழியாக அவர்கள் உள்ளே போனார்கள். அவர்களுள் சிலர் புகழோடும், பலர் காயத்தோடும் வெளியே வந்தார்கள்.

நம் பிள்ளைகள் குத்துச்சண்டை பயில விரும்பினால் தகுந்த பயிற்சியாளரிடம், தலைக்கு அடிபடாத முறையில், மூட்டை குத்துவதோடும் கயிறு தாண்டுவதோடும் தொடங்கட்டும். பயில விரும்பாவிட்டாலும் இந்த வரலாற்றில் அவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. "நம் அப்பா வெறும் கூலி வேலைதானே செய்கிறார்" என்று சொல்லக் கூசும் பிள்ளை, உலகப் பயிற்சியாளர்கள் தங்கள் பாடத்தை அந்த வேலையிலிருந்துதான் எடுத்தார்கள் என்பதை அறிந்துகொள்ளட்டும். அதே வேளையில், சல்லிவனை வென்ற வங்கி எழுத்தரையும் மறக்க வேண்டாம். உழைப்பின் பலம் முழுவதும் பயன்படக் கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியரும், கற்றுக்கொள்ள ஒரு மனமும் வேண்டும். நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் கதவு ஒன்றே ஒன்றாக இருந்துவிடக்கூடாது. அதற்குத்தான் பள்ளிக்கூடம் இருக்கிறது.